சான்றுசார் கொள்கை வகுப்பு: சொல் விளக்கம்

அரசு ஒரு முடிவை எடுக்குமுன், அப்பொருள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் தரத்தை எடைபோட்டு, அவை காட்டும் உண்மைகளைக் கருத்தில் கொண்டு திட்டம் தீட்டுவதே சான்றுசார் கொள்கை வகுப்பு. 1990களின் தொடக்கத்தில் மருத்துவத்துறையில் பரவிய 'எவிடென்ஸ் பேஸ்டு' (சான்றை அடிப்படையாகக் கொண்ட) என்ற வழக்கு, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பிரிட்டனின் ஆட்சித்துறையிலும் இடம்பிடித்தது.

'எவிடென்ஸ்' என்பது பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. தமிழில் இதற்குச் சாட்சியம், ஆதாரம், சான்று ஆகிய மூன்றும் வழங்குகின்றன. சாட்சியம் நீதிமன்றத்தோடு நின்றுவிட்டது. ஆதாரம் என்னும் வடசொல்லுக்குத் தாங்குவது என்பது பொருள். முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு முட்டுக்கொடுக்கத் தேடுவதையும் அது குறித்துவிடும் என்பதால், இவ்விடத்துக்கு அது பொருந்தாது. சான்று என்பதோ, நிறைதல், போதியதாதல் எனப் பொருள்படும் 'சால்' என்னும் வினையடியிலிருந்து வந்தது. 'இந்திரனே சாலுங் கரி' என்னும் குறளடியில் கரி என்பது சாட்சி. சாலும் என்பது போதும். கையில் இருப்பது போதுமா என்று கேட்கவைக்கும் சொல்லே ஆய்வுக்கு உகந்தது.

கொள்கை என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. விட்டுக்கொடுக்கக் கூடாத கோட்பாட்டையும், மாற்றத்தக்க அரசுத் திட்ட நெறியையும் நாம் அந்த ஒரே சொல்லால் குறிக்கிறோம்; ஆகவே புதிய சான்று கிடைத்து அரசு தன் நெறியை மாற்றினால், கொள்கையைக் கைவிட்டதாகப் பழி எழுகிறது. வகுத்து அமைப்பதைக் குறிக்கும் 'வகுப்பு' என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

சான்று இருந்தும் அது உரிய காலத்தில் முடிவுகளில் எடுபடாமல் போவதற்குக் கொங்கு நாட்டில் நொய்யல் ஆறே எடுத்துக்காட்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவுநீர், பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், கரையோரக் கிணறுகளும் தோட்டத்து மண்ணும் உப்பேறியதையும் ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருந்தனர். அப்படியிருந்தும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. சான்று இருப்பது வேறு, அது முடிவெடுப்பவரின் மேசையில் உரிய காலத்தில் எடுபடுவது வேறு.

கிணற்று நீரில் எவ்வளவு உப்பு என்பதை ஆய்வு சொல்லும். அதற்காகப் பட்டறைத் தொழிலாளியின் பிழைப்பை எத்தனை காலம் நிறுத்தலாம் என்பதைச் சொல்லாது. அதை மக்களும் அவர்களின் பிரதிநிதிகளுமே முடிவு செய்ய வேண்டும். இதை உணர்ந்தோர் ஆங்கிலத்தில் 'பேஸ்டு' என்பதை விட்டு 'இன்ஃபார்ம்டு' (அறிந்து செயல்படும்) என்று எழுதலாயினர். தமிழில் அதற்காக வேறொரு சொல்லை ஆக்க வேண்டியதில்லை. 'சான்றை அடிப்படையாகக் கொண்ட' என்பதற்குப் பதிலாகச் 'சான்றுசார்' என்றாலே, சான்றைத் துணையாகச் சார்ந்து பிறவற்றையும் எண்ணிப் பார்ப்பது என்ற பொருள் கிடைத்துவிடுகிறது.