யோக்: நுகத்தடி முதல் ‘அந்த இது’ வரை

‘யோக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் பொருள் நுகத்தடி. ஏரிலோ வண்டியிலோ பூட்டிய இரண்டு மாடுகளின் கழுத்துக்குமேல் குறுக்கே கிடக்கும் கட்டை. முட்டையின் மஞ்சள்கருவையும் இதே உச்சரிப்பில்தான் சொல்வார்கள். ஆனால் அது மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, எழுத்தும் வேறு.

லத்தீனில் ‘யூகும்’, ஜெர்மனில் ‘யோஹ்’, சமஸ்கிருதத்தில் ‘யுகம்’. எல்லாமே சேர்த்துப் பூட்டுவது என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ‘யோகா’வும் அதே குடும்பம்தான். பழைய இத்தாலியில் தோற்றுப்போன படையை, ஈட்டிகளால் கட்டிய நுகத்தின்கீழ் குனிந்து போகவைப்பார்கள். கி.மு. 321இல் சாம்னியர் என்ற இத்தாலிய மலைக்குடியினரிடம் சிக்கிய ரோமானியப் படைக்கே அந்த அவமானம் நேர்ந்தது. அடக்கி ஆள்வதைக் குறிக்கும் ‘சப்ஜுகேட்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘நுகத்தின்கீழ்’ என்றுதான் வரும்.

தமிழில் ‘நுகம்’ சங்க காலத்திலேயே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது பட்டினப்பாலை. இங்கே ‘பகல்’ என்பது நுகத்தின் நட்டநடுவில் அறைந்த ஆணி, பகலாணி. அது எந்த மாட்டின் பக்கமும் சாயாது. வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரே அளவாக நடக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. தமிழ் பைபிளிலும் ‘என் நுகம் மெதுவாயும்’ என்றே வருகிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது, மொழிபெயர்ப்பில் மாட்டு நுகத்தைப் போய் ‘யோக்’ என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையில் தோள்பகுதித் துணியைத் தையற்காரர் ‘யோக்’ என்றால் அது சரி, அது அவர்கள் தொழில் வழக்கு.

அயர்லாந்தில் கதையே வேறு. அங்கே பேச்சுவழக்கில் ‘யோக்’ என்றால் பெயர் சட்டென்று வாயில் வராத எந்தப் பொருளும்தான். ரிமோட், திருகாணி, பழைய கார் எல்லாம் ‘யோக்’. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரைக்கும் அதுவே பெயர். 2015 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் அந்த மாத்திரையை வைத்திருப்பது திடீரென்று குற்றமில்லை என்றாகிவிட, அரசு அவசர அவசரமாகப் புதுச் சட்டம் இயற்றியது.

‘அந்த யோக்கை இங்கே கொடு’ என்று ஓர் அயர்லாந்துக்காரர் சொன்னால் நுகத்தடியைத் தேடக் கூடாது. நம் வீடுகளில் ‘அந்த இத எடுத்துட்டு வா’ என்கிறோமே, அந்த ‘இது’தான் சரியான தமிழ். ஆளைப் பற்றி ‘ஆட் (odd) யோக்’ என்றால், ‘ஒரு மாதிரியான ஆள்’ என்று எழுதலாம்.