மலைகள் எந்தத் திசையில் நிற்கின்றன?

அமெரிக்க வரைபடத்தில் சான் பிரான்சிஸ்கோவையும் செயின்ட் லூயிஸையும் தேடிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அதாவது வருடம் முழுக்க இரண்டு ஊருக்கும் சூரியன் ஒரே உயரத்தில்தான் ஏறி இறங்குகிறது. ஆனாலும் ஜூலை மாதப் பகலில் செயின்ட் லூயிஸ் 32 டிகிரி செல்சியஸில் வேகும்போது, சான் பிரான்சிஸ்கோவில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜனவரி இரவில் செயின்ட் லூயிஸ் உறைநிலைக்குக் கீழே போய்விடும்; சான் பிரான்சிஸ்கோவில் பனி விழுவதே அபூர்வம்.

கடலோரம் என்பதுதான் காரணமா? அது பாதிதான் சரி. நியூயார்க்கும் கடலோரம்தான், அங்கே குளிர் கடுமை. இந்த அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கு அது பசிபிக்கைத் தாண்டி வருகிறது. கரையோரம் ஆழத்திலிருந்து மேலெழும் நீர் கோடையிலும் அந்தக் கடலைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கிறது. நியூயார்க்குக்கோ அது கண்டத்தைக் கடந்து வருகிறது.

அப்படியானால் பசிபிக்கின் மிதமான ஈரக்காற்று ஏன் நாட்டின் நடுப்பகுதியை எட்டவில்லை? அமெரிக்காவின் தட்பவெப்பத்தைப் புரிந்துகொள்ள முதலில் கேட்க வேண்டியது, மலைகள் எந்தத் திசையில் நீள்கின்றன என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கேஸ்கேட், சியரா நெவாடா, ராக்கி மூன்றும் வடக்குத் தெற்காக நீண்டு, மேற்குக் காற்றுக்கு நேர் குறுக்கே நிற்கின்றன.

இதன் விளைவைச் சிறிய அளவில் பார்க்க வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மலைகள் நல்ல இடம். மேற்குச் சரிவில் உள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்க்விம் என்ற ஊரில் 400 மில்லிமீட்டர்தான்.

உள்ளே நடப்பது இதுதான். மலையில் மோதிய காற்று மேலேறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவழிப்பதால் குளிர்கிறது. குளிர்ந்ததும் நீராவி துளிகளாகி மழையாகக் கொட்டுகிறது. இங்கேதான் அழகான ஒரு நுட்பம் இருக்கிறது. நீர் ஆவியானபோது வாங்கிக்கொண்ட வெப்பம், துளியாகும்போது மறுபடி காற்றுக்கே திரும்புகிறது. அதனால் மேகமாகி ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 6 டிகிரி அளவுக்கே குளிர்கிறது. ஈரத்தை இழந்து மறுபக்கம் இறங்கும்போதோ கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடாகிறது. இரண்டு கிலோமீட்டர் ஏறி இறங்கினால், புறப்பட்டதைவிட 8 டிகிரி கூடுதல் சூடு. மலைக்கு மறுபக்கம் இருக்கும் மழை மறைவுப் பகுதி வறண்டிருப்பதோடு வெப்பமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

சியரா நெவாடாவையும் வேறு சில மலைத்தொடர்களையும் தாண்டிய பிறகே காற்று கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அதன் அடி கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் அதிகாரபூர்வ உலகச் சாதனை. ராக்கி மலையின் கிழக்கே இப்படி இறங்கும் காற்றுக்கு சினூக் என்று பெயர். சமவெளிக்கு நடுவே நிற்கும் மலைப்பகுதிகளிலும் அது இறங்குவதுண்டு. 1943 ஜனவரி 22 அன்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை −20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குத் தாவியது!

இன்னொரு பக்கமும் உண்டு. வடக்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடரும் இல்லை. டெல்லியை மத்திய ஆசியாவின் கடுங்குளிரிலிருந்து இமயமலை காக்கிறது. டெல்லியைவிடச் சற்றே வடக்கில் இருக்கும் புளோரிடாவின் டலஹாசிக்கு அந்தக் காவல் இல்லை. 1899 பிப்ரவரியில் அங்கே −19 டிகிரி பதிவானது. 1894–95 குளிர்காலத்தின் உறைபனி புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸின் மின்சார அமைப்பு நிலைகுலைந்ததும் இதே திறந்த வழியில் வந்த குளிரால்தான்.

எதிர்த்திசையில் மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக்காற்று ஏறி வருகிறது. அதன் மேல், ராக்கியைத் தாண்டிய வறண்ட காற்று பாய்கிறது. இரண்டும் சேரும் வசந்த காலத்தில் பெரும் இடிமேகங்களும் டொர்னாடோ எனும் சுழற்காற்றுகளும் உருவாகின்றன. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் டொர்னாடோக்கள். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

வளைகுடாவின் ஈரம் வடக்கே வந்து, மேற்குக் காற்றால் கிழக்கே திரும்பிவிடுகிறது. அதனால் 100 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி நாடே இரண்டாகப் பிரிகிறது: கிழக்கே ஈரம், மேற்கே வறட்சி. 1878-இல் நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் இதை அரசுக்கு அறிக்கையாகவே எழுதினார். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தில் பாசனமின்றி விவசாயத்தை நம்ப முடியாது. மேய்ச்சலுக்கு ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்றார். அப்போதைய குடியேற்றச் சட்டம் கொடுத்தது 160 ஏக்கர். அவர் சொன்னதை அரசு ஏற்கவில்லை. உழவு அந்தத் தீர்க்கரேகையைத் தாண்டி மேற்கே போனது. 1930-களின் வறட்சியில் ஓக்லஹோமா, டெக்சாஸ், கான்சஸின் மேற்குப் பகுதிகளில் மேல்மண் புழுதிப் புயலாக எழுந்தபோது, அது மிக மோசமாக இருந்த இடங்கள் அந்தத் தீர்க்கரேகைக்கு மேற்கேதான் இருந்தன.