எக்ஸைல்: நாடுகடத்தலா, நாடிழப்பா?

ஆங்கிலத்தில் 'எக்ஸைல்' (exile) என்ற சொல்லைக் கண்டால் தமிழில் உடனே 'நாடுகடத்தல்' என்று போட்டுவிடுகிறோம். அரசன் குற்றவாளியை எல்லைக்கு அப்பால் அனுப்பிய கதைகளுக்கு அது பொருந்தும். நாஜி ஆட்சியில் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய யூத மாணவர்களுக்கு அதைப் பயன்படுத்தினால் வரலாறே தலைகீழாகிவிடும்.

அந்த வரலாற்றில் நாடுகடத்தல் என்பது வேறொன்றின் பெயர். 1941 அக்டோபர் முதல் ஜெர்மன் யூதர்களை ரயிலேற்றிக் கிழக்கே லோட்ஸ், மின்ஸ்க், ரிகா நகரங்களுக்கும், பிறகு ஆஷ்விட்ஸ் போன்ற கொலைமுகாம்களுக்கும் அனுப்பினார்களே, அதுதான் நாடுகடத்தல். அதே மாதம் 23ஆம் தேதி யூதர்கள் தாமாக நாட்டைவிட்டுப் போவது தடைசெய்யப்பட்டது. அதுவரை "போய்த் தொலை" என்ற அரசு, அதன்பின் போகவிடவில்லை. 'நாடுகடத்தப்பட்ட மாணவர்' என்று எழுதினால், லண்டனுக்குத் தப்பியவரையும் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டவரையும் வாசகரால் பிரித்தறிய முடியாது.

சொல்லின் பிறப்பு லத்தீன். 'எக்ஸுல்' என்றால் துரத்தப்பட்டவர். அவருடைய நிலை 'எக்ஸிலியும்'. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிடோர் இதை 'சோலும்', அதாவது மண், என்ற சொல்லோடு சேர்த்து 'மண்ணுக்கு வெளியே' என்று பிரித்துக் காட்டினார். அழகான விளக்கம்தான், இன்றைய சொற்பிறப்பியல் அதை ஏற்பதில்லை.

ரோமானியச் சட்டத்தில் இந்தச் சொல் நடந்துகொண்ட விதம்தான் நமக்கு முக்கியம். மரண தண்டனை வரும் என்று தெரிந்த குடிமகன், தீர்ப்புக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விடலாம். போன பிறகு அவருக்குத் 'தண்ணீரும் நெருப்பும் விலக்கு' என்று அறிவிப்பார்கள். யாரும் அவருக்கு இடம் தரக்கூடாது. திரும்பி வந்தால் கொல்லலாம். ஆக, நடந்து போனவர் அவரே; போகாமல் இருக்க வழியில்லாமல் செய்தது அரசு. கவிஞர் ஓவிட் பொ.ஆ. 8இல் கருங்கடல் கரைக்கு அனுப்பப்பட்டபோது, தான் 'எக்ஸுல்' அல்ல, 'ரெலகாத்துஸ்' மட்டுமே என்று வலியுறுத்தினார். இரண்டாவது வகையில் குடியுரிமையும் சொத்தும் கையில் இருக்கும். அவருக்கு அந்த வேறுபாடு உயிர்நாடி.

1930களின் ஜெர்மனியில் 'போகாமல் இருக்க வழியில்லை' என்பது எப்படி நடந்தது? 1933 ஏப்ரல் 25இல் வந்த சட்டத்தின் பெயர், பள்ளிகளிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் நெரிசலைக் குறைப்பதற்கானது என்பது. உள்ளே இருந்தது வேறு: புதிதாகச் சேரும் மாணவர்களில் யூதர் 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மொத்த மாணவர்களில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1937 ஏப்ரல் முதல் ஜெர்மன் குடிமக்களான யூதர்களுக்கு முனைவர் தேர்வும் மூடப்பட்டது. 1938 நவம்பரில் பொதுப்பள்ளிகளும் டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் எஞ்சியிருந்த யூத மாணவர்களையும் வெளியேற்றின.

போவதும் இலவசமில்லை. 1931 டிசம்பரில், ஹிட்லருக்கு முன்பே, பணம் வெளிநாட்டுக்கு ஓடுவதைத் தடுக்க, நாட்டைவிட்டுப் போகிறவர்கள் மீது ஒரு வரி வந்தது. சொத்தில் கால்பங்கு. முதலில் 2,00,000 மார்க்குக்கு மேற்பட்ட சொத்துக்கு மட்டும் இருந்ததை 1934இல் 50,000 மார்க்காகக் குறைத்து, யூதக் குடும்பங்களைக் கறக்கும் கருவியாக்கினார்கள். வரி பாக்கியில்லை என்ற சான்று இல்லாமல் கிளம்ப முடியாது. கையில் கொண்டுபோக 10 மார்க். 1938 அக்டோபரிலிருந்து கடவுச்சீட்டில், யூதர் என்பதைக் குறிக்கும் சிவப்பு 'ஜே' முத்திரை.

அந்தப் பக்கத்துக் கதவும் குறுகலே. அமெரிக்கா ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 குடியேற்ற விசா ஒதுக்கியிருந்தது. அதற்கு அங்குள்ள ஒருவர் செலவைப் பொறுப்பேற்கும் 'அஃபிடவிட்' தரவேண்டும். மாணவர் விசா இந்தக் கணக்கில் வராது. ஆனால் படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவேன் என்று காட்ட வேண்டும். திரும்பிப் போக இடமில்லாததால்தானே விண்ணப்பிக்கிறார்? பலருக்கு விசா இங்கேதான் சிக்கியது.

இங்கேபோர்க் ராபோபோர்ட் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஹாம்பர்க் மருத்துவ மாணவி. 1938இல் தொண்டை அடைப்பான் நோய் பற்றிய ஆய்வேட்டை முடித்துவிட்டார். அவர் வளர்ந்தது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவராக. தாய் யூத வழியினர் என்பதால் வாய்மொழித் தேர்வு மறுக்கப்பட்டது. அந்த இனச்சட்டங்கள் தடுக்காவிட்டால் ஏட்டை ஏற்றிருப்பேன் என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு அமெரிக்கா போனவர், மருத்துவராக மறுபடியும் படிக்க நேர்ந்தது. ஹாம்பர்க் பல்கலைக்கழகம் அவரைத் தேர்வு செய்து பட்டம் தந்தது 2015இல், அவருடைய 102ஆம் வயதில். அவரை யாரும் கப்பலேற்றி விடவில்லை. 'நாடுகடத்தப்பட்டார்' என்றால் பொய். 'மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றார்' என்றால் அதைவிடப் பெரிய பொய்.

மாக்ஸ் பெருட்ஸின் கதை இன்னும் சிக்கலானது. யூத வழியில் வந்த வியன்னா மாணவர், 1936இல் ஆராய்ச்சிக்காகத் தன் விருப்பத்தில் கேம்பிரிட்ஜ் போனார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், இருந்த இடத்திலிருந்து அசையாமலே நாடிழந்தவரானார். 1940இல் பிரிட்டன் அவரைப் 'பகைநாட்டவர்' என்று பிடித்துக் கனடா முகாமுக்கு அனுப்பியது. 1962இல் வேதியியல் நோபல். எல்லை கடந்த நாளும் எக்ஸைல் தொடங்கிய நாளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இவரே சான்று.

இனித் தமிழ்ச் சொற்கள். 'புலம்பெயர்' பழமையானது. பட்டினப்பாலையின் 'புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' காவிரிப்பூம்பட்டினத்தார், பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்து இனிதாக வாழ்ந்தவர்கள். இன்றும் அந்தச் சொல்லுக்குள் விருப்பமும் வற்புறுத்தலும் ஒருசேர அடங்கும். வற்புறுத்தலைக் காட்ட அது மட்டும் போதாது. 'அகதி' வடமொழி, கதியற்றவர். வந்து சேர்ந்த நாட்டின் பதிவேட்டில் அவருக்குள்ள பெயர் அது. 'ஏதிலி'யும் அவ்விடத்துக்கே, குறளில் 'ஏதிலார்' என்றால் அயலார். 'வனவாசம்' பத்திரிகைத் தலைப்புக்குச் சுவை கூட்டலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு, பதினான்கு ஆண்டு கழித்து அயோத்தியும் உண்டு.

என் பரிந்துரை 'நாடிழப்பு'. அந்த மனிதருக்கு 'நாடிழந்தவர்'. எழுதும்போது வினையைப் பிரித்துக்கொள்ளுங்கள். '1938இல் நாட்டைவிட்டு வெளியேறும் நிலைக்குத் தள்ளப்பட்டார்', 'அமெரிக்காவில் அகதியாகச் சேர்ந்தார்', 'நாடிழந்து வாழ்ந்த ஆண்டுகளில் மீண்டும் படித்தார்'. வெளிநாட்டிலிருந்து இயங்கும் அரசுக்கு 'நாடுகடந்த அரசு' என்பது நிலைத்துவிட்டது, அதை மாற்றவேண்டாம்.

'நாடற்றவர்' என்பதை மட்டும் இதோடு குழப்பக்கூடாது. அது குடியுரிமை இல்லாத சட்ட நிலை. 1941 நவம்பர் 25 ஆணைப்படி, வெளிநாட்டில் வாழ்ந்த ஜெர்மன் யூதர்கள் குடியுரிமையையும் சொத்தையும் ஒருசேர இழந்தார்கள். அன்றுதான் பல நாடிழந்தவர்கள் நாடற்றவர்களும் ஆனார்கள். இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவரானபோது, அவர்கள் தேயிலைத் தோட்டத்தைவிட்டு ஓர் அடியும் நகர்ந்திருக்கவில்லை.