மாஸ்க் போட்டும் எனக்கு வந்துச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு அதெல்லாம்?

கொரோனா காலத்துல என் கிளினிக்ல நான் அதிகமா கேட்ட கேள்வி இதுதான். கேட்டவங்க யாரும் வம்புக்குக் கேக்கல, நெஜமாவே மாஸ்க் போட்டு, கை கழுவி, வீட்டுக்குள்ளயே இருந்தவங்க, பாசிட்டிவ்னு வந்த ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு கேட்டாங்க. வெளிய வரிசை நிக்கும், எனக்கும் நேரம் இருக்காது, "போடலன்னா இன்னும் மோசமாகியிருக்கும்"னு ஒத்தை வரியில முடிச்சு அனுப்பிடுவேன். அது அரைகுறை பதில். மீதிய இப்போ சொல்றேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. கொரோனா முதல்ல வந்தப்போ, யாரும் எந்தத் தடுப்பும் செய்யலன்னா ஒரு நோயாளிகிட்டேர்ந்து சராசரியா ரெண்டுலேர்ந்து மூணு பேருக்குப் பரவும்னு கணக்கு. ரெண்டரைன்னு வெச்சுக்குவோம். அந்த ரெண்டரை பேர் ஆளுக்கு ரெண்டரை பேருக்குக் கொடுக்கறாங்க, அவங்க அடுத்தவங்களுக்கு, இப்படியே போனா பத்தாவது சுத்துல மட்டும் புதுசா 9,500 பேருக்கு மேல. இப்போ மாஸ்க், தொறந்த ஜன்னல், காய்ச்சல்னா வெளிய போகாம இருக்கறது எல்லாம் சேர்ந்து பரவுறத வெறும் பாதிதான் குறைக்குதுன்னு வைங்க, ரெண்டரை ஒண்ணே காலாச்சு. அப்போ நோயாளிங்களும் பாதியாவாங்கன்னுதானே தோணும்? இல்ல. பத்தாவது சுத்துல 9 பேர். வட்டிக்கு வட்டி போடற கணக்குதான், ஆனா வட்டி விகிதத்தக் கொஞ்சம் கொறச்சா கடன் எவ்ளோ கொறயுதுன்னு மனசு சட்டுன்னு புடிக்காது. ஒருத்தர்கிட்டேர்ந்து பரவற அந்த எண்ணிக்கை ஒண்ணுக்குக் கீழ போயிடுச்சுன்னா அலை தானா அடங்கும்.

அதனால மாஸ்க் போட்டும் உங்களுக்கு வந்தது பொய்யில்ல, மாஸ்க் வேலை செஞ்சதும் பொய்யில்ல. உங்க ஒருத்தருக்கு அது முழுக் கவசம் கிடையாது, ஊருக்கு அது வட்டி குறைப்பு. (தாடைக்கு மாஸ்க் போட்டவங்கள நான் இந்தக் கணக்குலயே சேர்க்கல.)

இன்னொண்ணு, சீக்கிரம் ஆரம்பிக்கணும். 1918ல உலகம் முழுக்கப் பரவின ஃப்ளூ காய்ச்சலப்போ அமெரிக்காவுல பிலடெல்பியா நகரம் செப்டம்பர் 28ஆம் தேதி ஒரு பெரிய ஊர்வலம் நடத்துச்சு, ரெண்டு லட்சம் பேர் தெருவுல, அப்போ நோய் ஏற்கனவே உள்ள வந்தாச்சு. அங்கயே இன்னொரு நகரம் செயின்ட் லூயிஸ், முதல் கேஸ் தெரிஞ்ச கொஞ்ச நாள்லயே ஸ்கூல், தியேட்டர், சர்ச் எல்லாத்தையும் மூடிடுச்சு. உச்ச வாரத்துல லட்சம் பேருக்கு பிலடெல்பியாவுல சுமார் 257 சாவு, செயின்ட் லூயிஸ்ல 31. தடை போடறப்போ "நாலு கேஸுக்கு இவ்ளோ அலட்டலா"ன்னு தோணினா அதுதான் சரியான நேரம், எல்லாரும் ஒத்துக்கற அளவுக்கு ஆஸ்பத்திரி நிறைஞ்சப்புறம் போட்டா பாதி பிரயோஜனம் போச்சு. இந்தக் கதைக்கு ஒரு வாலும் இருக்கு, செயின்ட் லூயிஸ் தடைய எடுத்ததும் அங்கயும் திரும்ப ஏறுச்சு.

2003ல வந்த சார்ஸ்ங்கற நுரையீரல் நோய் ஏன் உலகம் முழுக்க 8,000 பேர் சொச்சத்தோட நின்னுச்சு, கொரோனா ஏன் நிக்கலன்னு நிறைய பேர் கேப்பாங்க. சார்ஸ்ல ஆள் நல்லா படுத்தப்புறம்தான் அதிகமா பரவும், அதுக்குள்ள அவங்க ஆஸ்பத்திரியில இருப்பாங்க, புடிச்சுத் தனியா வெச்சா போதும். கொரோனா அறிகுறி தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சுடும். "எனக்கு ஒண்ணுமில்லையே டாக்டர்"னு சொல்ற ஆளுதான் பரப்பிட்டு இருப்பாரு, அவருக்கே தெரியாது. அதனாலதான் நல்லா இருக்கறவங்களையும் மாஸ்க் போடச் சொன்னோம், நோயாளியோட பழகினவங்கள குவாரன்டைன்ல வெச்சோம். நோய் வந்தவங்கள ஒதுக்கி வெக்கறது ஐசோலேஷன், வந்திருக்குமோன்னு காத்திருக்கறது குவாரன்டைன், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

நாங்க தப்பு பண்ணின இடமும் உண்டு. முதல் சில மாசம் காய்கறிய சோப்புத் தண்ணியில கழுவறது, கதவுக் கைப்புடிய மணிக்கு ஒரு தரம் துடைக்கறதுன்னு ஜனங்கள படாத பாடு படுத்தினோம், ஜன்னலப் பத்தி யாரும் பேசல. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்ல இது காத்துல பரவற நோய் இல்லன்னு அடிச்சு சொல்லிட்டு பின்னாடி மாத்திக்கிச்சு. அதே மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு பாட்டுக் குழு ரெண்டரை மணி நேரம் ஹாலுக்குள்ள ஒத்திகை பாத்தாங்க, 61 பேர், அதுல ஒருத்தருக்கு லேசா ஜலதோஷம் மாதிரி. கடைசியில 53 பேருக்கு நோய்னு கணக்கு, ரெண்டு பேர் இறந்துட்டாங்க. மூச்சு விடறதுலயும் பாடறதுலயும் வர்ற நுண்துளி பூட்டின ரூம்ல புகை மாதிரி தங்கும், ஆறடி தள்ளி உக்காந்தா புகை வராதா என்ன? எதிரெதிர் ஜன்னல் ரெண்டத் தொறந்து வைங்க, முடிஞ்சா கூட்டத்த வெட்டவெளிக்கு மாத்துங்க. ஏசி ரூம்ல அதே காத்துதான் சுத்திச் சுத்தி வருதுன்னா அது ஜில்லுன்னு இருக்குமே ஒழிய சுத்தமா இருக்காது.

கை கழுவறது வீண்னு சொல்லல, 20 செகண்ட் சோப்பு போட்டா வைரஸோட கொழுப்பு ஓடு கரைஞ்சுடும், வயித்துப்போக்கு நோய்களுக்கும் அது நல்லது. ஒரு நோய்க்குத் தடுப்பூசி வந்துட்டா போட்டுக்குங்க, அதப் பத்தி தனியாவே எழுதணும்.

இதுல எனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை மருந்து எழுதறது இல்ல, "கடந்த ரெண்டு நாள்ல யாரையெல்லாம் பாத்தீங்க"ன்னு கேக்கறது. ஜனங்க மறைப்பாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல, தன்னால நாலு பேர் வீட்டுல அடைஞ்சு கிடக்கணுமே, கூலி போயிடுமே, திட்டுவாங்களேன்னு. ஒரு அம்மா ரெண்டே ரெண்டு பேரோட பேர் சொன்னாங்க. நான் ஒண்ணும் கேக்கல, "யார் சொன்னாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது, உங்க பேர் வெளிய வராது"ன்னு மட்டும் சொன்னேன். கதவு வரைக்கும் போனவங்க நின்னு, திரும்பி வந்து உக்காந்து, இன்னும் ஏழு பேரோட பேர் சொன்னாங்க.