தொட்டி கலங்கினால் தண்ணீரை முழுக்கக் கொட்டாதீர்கள்

மீன் தொட்டித் தண்ணீர் வெளுத்துக் கலங்கியதும் பலர் மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைக் காலி செய்கிறார்கள். கூழாங்கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பிறகு முன்பைவிட மோசமாகக் கலங்கும், மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். 'ராசியில்லை' என்று தொட்டியையே மூலையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்த மீன்களைக் கொன்றது கலங்கல் அல்ல, அந்தக் கழுவல்தான்.

மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும், தின்னாமல் கிடக்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா ஓயாமல் தண்ணீரில் கலக்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு வகையும் மெதுவாகத்தான் பெருகும். புதுத் தொட்டியில் போதுமான அளவுக்கு வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல என்பதால், ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசும்போது அத்தனை வார உழைப்பும் சில நிமிடத்தில் போய்விடுகிறது. வெள்ளைக் கலங்கலை உண்டாக்குவது வேறு பாக்டீரியா. அழுகும் தீனியைத் தின்று சில மணி நேரத்திலேயே பெருகிவிடும் அது, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். தெளிய வைக்கும் திரவத்தை ஊற்றினால் கலங்கல் அடியில் படியும். ஆனால் அம்மோனியா அப்படியேதான் இருக்கும்.

எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல. கல் போட்டுத் தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்திலேயே சாம்பல் நிறத்தில் கலங்கினால் அது கல்லில் இருந்த தூசி, அபாயமில்லை. தேநீர் நிறம் மரக்கட்டையிலிருந்து வரும் சாயம், அதுவும் தீங்கற்றது. பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. விளக்கை ஒரு நாளைக்கு 6 மணி நேரமாகக் குறையுங்கள், வெயில் படாமல் தொட்டியை நகர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஏர் பம்ப்பை நிறுத்தாமல் தொட்டியை 3 நாள் துணியால் மூடி வையுங்கள். கவலைப்பட வேண்டியது பால் கலந்தாற்போன்ற வெள்ளைக் கலங்கலுக்குத்தான், அதிலும் மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றால்.

அப்போது முதலில் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். ஏர் பம்ப்பை முழு வேகத்தில் விடுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள்: நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர், கல்லைக் கழித்தால் ஏறத்தாழ 48. இதில் நாளொன்றுக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 12 லிட்டர், அடியிலுள்ள கசடோடு சேர்த்து டியூபால் உறிஞ்சி எடுங்கள். புதிதாக ஊற்றும் தண்ணீர் தொட்டியின் வெப்பநிலையிலேயே இருக்க வேண்டும், குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து கலந்திருக்க வேண்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாதி உண்மைதான். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) போட்ட தண்ணீரில் அது எளிதில் போகாது.

தொட்டியோடு, தண்ணீரைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் கிட்டும் வாங்குங்கள். துளித்துளியாக விட்டுப் பார்க்கும் திரவ வகை, காகிதப் பட்டையைவிட நம்பகமானது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அம்மோனியாவைப் பார்க்கும்போது, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் சேர்த்துப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் கொடிய வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் அது நூற்றில் ஐந்து பங்குக்கு மேல். ஒரே அளவு காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் பிழைத்து இன்னொன்றில் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நைட்ரைட் ஏறினால் மீனின் இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. செவுள் பழுப்பாகும், காற்று எவ்வளவு விட்டாலும் மீன் மூச்சுத் திணறும். லிட்டருக்கு 1 கிராம் உப்பைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் புக விடாது. செதில் இல்லாத மீன்களும் செடிகளும் இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

ஒரு விதிவிலக்கை மறந்துவிடக்கூடாது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத பழைய தொட்டியில் பிஎச் 6-க்குக் கீழே இறங்கியிருக்கும். பாக்டீரியா முடங்கிப்போய் அம்மோனியா சேர்ந்திருக்கும், ஆனால் தீங்கு குறைந்த வடிவில். அங்கே பிஎச் கூடிய புதுத் தண்ணீரைப் பெருமளவில் ஊற்றினால் ஒரே மணி நேரத்தில் அது நஞ்சாகிவிடும். அத்தகைய தொட்டியில் ஒரு தடவைக்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

ஃபில்டரைக் கழுவ வேண்டும்போது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நாலு தடவை பிழிந்தால் போதும். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒன்றை இந்த மாதம், மற்றதை அடுத்த மாதம். மின்சாரம் பல மணி நேரம் நின்று வந்தால், மூடிய ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள். அது அழுகத் தொடங்கியிருக்கும். நோய்க்கு மெத்திலீன் நீலம் போடுவதானால் மீனைத் தனி வாளியில் வைத்துப் போடுங்கள், தொட்டிக்குள் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் சாகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள், நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டால் வாரங்கள் மிச்சமாகும். முதலில் இரண்டு மூன்று சிறு மீன் மட்டும் விடுங்கள். கழிவை அதிகம் விடும் தங்கமீனைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே அடுத்த மீனை வாங்குங்கள்.