பழஞ்சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

இந்த வருடத்தில் இது ஐந்தாவது வீடு. திருகோணமலையில் டச்சுக் குடாப் பக்கம் இருக்கிற பழைய நாற்சார் வீடு, நாலு பக்கமும் கட்டி நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, ஓட்டுக் கூரை. 1964ஆம் ஆண்டுப் புயலுக்கும் நின்றது, 2004 சுனாமிக்கும் நின்றது. இப்போது நாலு வருடச் சீமெந்துப் பூச்சுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கார ஐயாவுக்கு எழுபதுக்கு மேல். என்னை உள்ளே வரச்சொல்லும் முன்னமே வாசலில் வைத்துச் சொன்னார்: "தம்பி, நல்ல மேசனைப் பிடிச்சுச் சுவர் முழுக்கச் சீமெந்து பூசினனான், இடுப்பளவுக்கு டைல்சும் ஒட்டினனான். அப்பிடி இருந்தும் ஈரம் ஏறுது." அப்படி இருந்தும் இல்லை ஐயா, அதனால்தான் ஏறுது என்றேன். அவர் நம்பவில்லை.

டைல்சுக்கு ஒரு சாண் மேலே பெயின்ற் கொப்புளித்திருந்தது. விரலால் தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. ஒரு கொப்புளத்தை உடைத்தேன். பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது, நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. அதற்குப் பின்னால் செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பொடி, கரண்டியால் அள்ளலாம் போல. ஆனால் சீமெந்துப் பூச்சு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் தகடாக நிற்கிறது. இதைத்தான் எல்லோரும் வெளியிலிருந்து பார்த்துவிட்டுச் சீமெந்து எவ்வளவு உறுதி என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

சீமெந்து உறுதிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பழைய சுவருக்கு வேண்டியது அந்த உறுதி இல்லை என்றுதான் இருபது வருடமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் நிலத்திலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், காற்றில் அதை விட்டுவிடும். மாரியில் நனையும், கோடையில் காயும், அதுதான் அதன் இயல்பு. அந்தச் சுவரைச் சீமெந்தால் மூடுவது, மழையில் தெப்பமாக நனைந்து வந்த பிள்ளையின் உடுப்பை மாற்றாமல் மேலே ரெயின்கோட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டி விடுவது போல. ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். எங்கே பூச்சு முடிகிறதோ அங்கே வெளியே வரும். நம்முடைய ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் வரும்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்பது குறை இல்லை. உதிர வேண்டியது அதுதான். உப்பையும் மழையையும் அது வாங்கிக்கொண்டு தேய்ந்தால் உள்ளே கல் பிழைக்கும். கல்லைவிடக் கடினமான பூச்சைப் போட்டால் தேய்கிறது கல். பூச்சைத் திரும்பப் பூசலாம், உங்கள் பாட்டனார் அடுக்கிய கல்லை எங்கே போய் வாங்குவீர்கள்? "சுண்ணாம்பு நிக்காது" என்று சொல்கிற மேசன்மாரைக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் போலிருக்கிறது. பிரெட்ரிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1624இல், ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது 1665இல். இங்கிலாந்தின் லீட்ஸ் ஊர்க்காரர் ஜோசப் அஸ்ப்டின், இப்போது நாங்கள் பூசுகிற போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்ததே 1824இல்தான். போர்த்துக்கேயர் கட்டிச் சரியாக இருநூறு வருடம் பிந்தி. அதற்கு முந்திய எந்தச் சுவரிலும் அந்தச் சீமெந்து இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

அப்படியானால் சீமெந்தே தொடக் கூடாதா என்று போன மாதம் ஓர் எஞ்சினியர் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல், இரும்பு உருக்குகிற ஆலைகள் நிறைந்திருந்த ஒரு பள்ளத்தாக்கில், 1779இல் ஒரு பாலத்தை நிறுத்தினார்கள். உலகத்தில் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் அதுதான், ஏறக்குறைய 378 தொன் இரும்பு. அதைச் செய்தவர்களுக்கு இரும்பில் பாலம் கட்டிப் பழக்கமில்லை, ஆகவே தச்சர் மரத்தை இணைக்கிற மாதிரியே துளையும் கழுந்துமாக இரும்பை இணைத்தார்கள். அந்தப் பொருத்துகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய தச்சாசாரிமார்தான் நினைவுக்கு வருவார்கள். காலப்போக்கில் பள்ளத்தாக்கின் இரு கரையும் ஆற்றை நோக்கி நகர, பாலம் நெரிந்து இரும்பு வெடிக்கத் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் அதைக் காப்பாற்றியது கொங்கிரீட்தான். ஆனால் அந்தக் கொங்கிரீட்டை இரும்பில் பூசவில்லை. ஆற்றின் அடியில், இரண்டு கரைகளுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து வைத்தார்கள். நோய் எங்கே என்று கண்டுபிடித்து அங்கே மருந்து வைத்தார்கள். பாலம் இன்றைக்கும் நிற்கிறது, 1986இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நாங்கள் செய்வது என்ன? கூரையில் ஓடு உடைந்து தண்ணீர் ஒழுகும், சுவரில் சீமெந்து பூசுவோம்.

ஆகவே முதலில் கூரையைப் பாருங்கள். மழைநீர் வடிகிற பீலியைத் துப்புரவாக்குங்கள். முற்றத்தைக் கொங்கிரீட் போட்டுச் சுவரோடு ஒட்ட உயர்த்தாதீர்கள், உயர்த்தியிருந்தால் சுவரோரமாக ஒரு முழ அகலத்துக்கு உடைத்து மண்ணைக் கீழிறக்குங்கள். இந்த ஒன்றாலேயே பாதி ஈரம் குறைந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். ஈரம் புகாத பெயின்ற் என்று விற்பதை உள்ளே அடிக்காதீர்கள், அதுவும் சீமெந்தின் வேலையைத்தான் செய்யும். சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க வேண்டாம், வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டி, வேரைப் பட்டுப்போக விட்டுப் பிறகு எடுங்கள்.

பூச்சு வேலைக்குக் கடல் மணல் கூடாது. கழுவிவிட்டோம் என்று சொன்னாலும் கூடாது. ஆற்று மணல் வாங்கும்போதும் எங்கே அள்ளியது என்று தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள். பாதைக்கு, அதாவது வண்டிகளையும் ஏற்றுகிற மிதவைக்கு, காத்திருந்து ஆறு கடந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கிண்ணியாவில் 396 மீற்றர் பாலம் வந்தது 2009இல். பாலங்களுக்குக் கிட்ட மணல் அள்ள அள்ள ஆற்றின் அடி இறங்கும், தூண்களைப் பிடித்திருக்கிற மண் போய்விடும். மேலே போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை உடைத்துக்கொண்டு வராதீர்கள், அது சட்டப்படி குற்றம். கடைச் சுண்ணாம்பையே வாங்கி நீற்றிக் குழியில் சில வாரம் புளிக்கவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்தால் போதும். அவசரப்படுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு ஒத்துவராது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற நாளில் பூசினால் பின்னேரமே வெடிக்கும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நிழலில் மெல்லக் காயவிட வேண்டும், ஒரு படை இறுகிய பிறகுதான் அடுத்த படை.

தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருக்கிற கட்டடம் என்றால் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கல்லையும் தொட வேண்டாம். கோட்டை வாசலில் இரட்டைக் கயலோடு தமிழ் எழுத்துச் செதுக்கிய கல் இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரிவதால் தப்பியது. உங்கள் வீட்டுப் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சுரண்ட முன்னர் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள்.

ஐயாவின் வீட்டில் டைல்சைக் கழற்றியாயிற்று. சீமெந்தைச் சின்ன உளியால் மெல்ல எடுக்கிறோம், மின் இயந்திரம் கிட்டவும் வரக் கூடாது. பொடியான கல்லை எடுத்துவிட்டு, அதே அளவில் வெட்டிய பழங்கல்லைச் சுண்ணாம்பில் வைத்து அடைக்கிறோம். சுவர் இப்போது நிர்வாணமாக, அசிங்கமாக நிற்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் மனவருத்தம், மகளின் சம்பந்தப் பேச்சுக்கு ஆட்கள் வருகிறார்களாம், ஒரு பக்கத்துக்காவது வெள்ளையடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். ஈரம் வெளியேறாமல் பூசினால் திரும்பவும் இதே கதைதான் அம்மா, முன் விறாந்தைச் சுவருக்கு மட்டும் மெல்லியதாகச் சுண்ணாம்பு நீர் அடித்துத் தருகிறேன், அது மூச்சை அடைக்காது என்றேன். சரி என்றார். நாளைக் காலையில் வாளியோடு போகிறேன்.