கீழே கிடைக்காத கூம்பு

இமாசலத்தில் நார்கண்டாவைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைகிறவர்கள், நெடுநெடுவென்று நிற்கும் மரங்களையெல்லாம் ‘பைன்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். அங்கே மேற்கு இமய ஃபர், ஸ்புரூஸ், தேவதாரு எல்லாம் கலந்தே நிற்கின்றன. ஃபரை அந்தப் பக்கத்தில் தோஷ் என்பார்கள். ஸ்புரூஸ் அவர்களுக்கு ராய்.

தூரத்துப் பார்வைக்குத் தோஷ் ஒடுங்கிய தூண். கிளைகள் குட்டை, பனி தங்காமல் சரிந்து விழும். ராயின் சிறுகிளைகளோ திரைச்சீலை போலத் தொங்கும். ஆனாலும் வடிவத்தை நான் அதிகம் நம்புவதில்லை. நெருக்கத்தில் வளர்ந்த மரமும், கிளை வெட்டுப்பட்ட மரமும் ஆளை ஏமாற்றிவிடும்.

இலை ஏமாற்றாது. ஓர் ஊசியிலையை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். ஸ்புரூஸ் இலை நான்கு பட்டை கொண்டது, சுலபமாக உருளும். ஃபர் இலை தட்டை, உருளாது. பெரும்பாலும் 4 முதல் 6 செ.மீ. நீளம், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். திருப்பினால் அடியில் நடுநரம்பின் இருபுறமும் வெளிறிய இரண்டு கோடுகள். மரம் மூச்சுவிடும் இலைத்துளைகள் மெழுகு பூசிக்கொண்டு வரிசை கட்டியிருக்கும் இடம் அது. இனி இலையைப் பிடுங்குங்கள். ஃபரில் அது சுத்தமாகக் கழன்று, சிறுகிளையில் வட்டமான தழும்பை விட்டுப்போகும். ஸ்புரூஸில் இலை உதிர்ந்த இடத்தில் சிறு முளை துருத்தி நிற்கும். காய்ந்த கிளையைத் தடவினால் அரம் போலச் சொரசொரக்கும்.

விதைகளைத் தாங்கும் கூம்புதான் வேடிக்கை. ராயின் கூம்பு தொங்கும், முழுசாகத் தரையில் விழும். தோஷின் கூம்பு உச்சிக் கிளைகளில் நட்டு வைத்ததுபோல நிமிர்ந்திருக்கும். இளமையில் கத்தரிக்காய் நிறம். முற்றியதும் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்து, சிறகு கொண்ட விதைகளைக் காற்றில் விட்டுவிடும். மிஞ்சும் நடுத்தண்டு, பழம் பறித்த வாழைத்தார்க் காம்பு போலக் கிளையில் விறைத்து நிற்கும். ஆகவே, மரத்தடியில் முழுசாக முற்றிய கூம்புகள் குவிந்து கிடந்தால் அவை தோஷினுடையவை அல்ல.

இதில் ஒரு பொறி உண்டு. தேவதாருவின் கூம்பும் நிமிர்ந்துதான் நிற்கும், அதுவும் மரத்திலேயே உதிரும். அங்கே மறுபடி இலைக்கே வரவேண்டும்: தேவதாருவில் ஊசிகள் குட்டைக் கிளைகளில் கொத்துக் கொத்தாக இருக்கும், ஃபரில் ஒவ்வொன்றும் தனித்தனி.

இன்னும் மேலேறி, பூர்ஜ மரங்கள் (பிர்ச்) தென்படும் உயரத்துக்குப் போனால் வேறொரு ஃபர் வரும். அதையும் தோஷையும் தனி இனங்களாகக் கொள்வதா என்று 19ஆம் நூற்றாண்டிலேயே தாவரவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பிரித்தறியச் சிறுகிளையை உருப்பெருக்கியில் பாருங்கள். தோஷில் அது வழவழப்பு. மேலே வளர்வதில் பள்ளங்களுக்குள் பொடி மயிர்.